உஸூலுக்கும் மஜிஸ்திக்கும் நடுவே

பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்து, மேல்நிலை வகுப்பில் கணிதத்தை விருப்பப் பாடமாக ஏற்கும் மாணவருக்கு, இடைப்பட்ட கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் கூறும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான். இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் மீண்டும் ஒருமுறை அடியிலிருந்து படித்துவிட்டு வாருங்கள் என்பதே அது. நுண்கணிதத்தில் மாணவர் தடுமாறும்போது, அவரை உண்மையில் தடுக்கி வீழ்த்துவது பெரும்பாலும் நுண்கணிதமன்று. கீழ்வகுப்பில் அரைகுறையாக விட்டு வந்த காரணிப்படுத்தலும் கோணங்களின் விகிதங்களுமே. இது கற்பிப்போர் அனைவரும் அறிந்த செய்தி. ஆயின், மேல்நிலைக் கல்விக்கு முன்னர் ஒரு நடுநிலைப் பயிற்சி வேண்டும் என்னும் இக்கருத்து, இஸ்லாமியக் கல்வி மரபில் தனிப்பெயரும் தனி நூல்தொகுதியும் பெற்று விளங்கியது என்பதை நம்மில் பலர் அறியார்.

அத்தொகுதிக்கு 'அல்-முதவஸ்ஸிதாத்' என்று பெயர். நடுவில் நிற்பவை என்பது அதன் பொருள். எவற்றுக்கு நடுவில் எனில், ஒருபுறம் யூக்ளிடின் 'உஸூல்', அதாவது வடிவியல் மூலங்கள். மறுபுறம் தாலமியின் 'அல்-மஜிஸ்தி' என்னும் வானியற் பெருநூல். உஸூலைப் படித்து முடித்த மாணவர் நேரே மஜிஸ்தியைத் திறந்தால் திகைத்து நிற்பார் என்பதைப் பண்டை ஆசிரியர்கள் கண்டிருந்தனர். ஆகவே, தியோடோஸியஸின் கோளவியல், ஆட்டோலிகஸின் சுழலும் கோளம், யூக்ளிடின் 'முஃதயாத்', ஆர்க்கிமிடீஸின் கோளமும் உருளையும், மெனலாஸின் கோள முக்கோணங்கள் ஆகிய நூல்களை இடையில் பயிலச் செய்தனர். கிரேக்க நூல்களோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பனூ மூஸா சகோதரர்கள் எழுதிய பரப்பளவை நூலும் தாபித் இப்னு குர்ராவின் சிறுநூலும் அவ்வரிசையில் இடம்பெற்றன. 13ஆம் நூற்றாண்டில் நஸீருத்தீன் தூஸி (1201–1274) இவற்றையெல்லாம் மாணவர் கைக்கு ஏற்றவாறு செப்பம் செய்து, பிழை களைந்து, புதிய வடிவில் எழுதினார். அந்தத் தூஸியின் பதிப்புகள் அச்சு வாகனம் ஏறியது நமக்கு அண்மையிலேயே என்பதும் குறிப்பிடத்தக்கது. ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் அல்-உஸ்மானிய்யா அவற்றை 1939–40ஆம் ஆண்டுகளில் அரபியில் அச்சிட்டு வெளியிட்டது.

இந்த நடுநிலைத் தொகுதியில் இன்றைய மாணவர் திரும்பப் படிக்கும் இரண்டு பாடங்களில் ஒன்று கருவாக உள்ளது. கோள முக்கோணங்களிலிருந்தே முக்கோணவியல் கிளைத்தது. மற்றொன்றான இயற்கணிதமோ இத்தொகுதிக்கு வெளியே, பக்தாதின் கடைத்தெருவிலும் காழியின் மன்றத்திலும் பிறந்தது எனலாம். அதனை முதலில் பார்ப்போம்.

முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி, கலீஃபா மஃமூனின் (ஆட்சி 813–833) ஆதரவில் பக்தாதில் வாழ்ந்தவர். 'அல்-ஜப்ர் வல்-முகாபலா' கணக்கு பற்றிய அவருடைய சுருக்க நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை அதன் முன்னுரையே தெளிவாக்குகிறது. வாரிசுரிமை, வஸிய்யத், பங்கீடு, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்கே தம் நோக்கம் என்கிறார் ஆசிரியர். 'ஜப்ர்' என்பது முறிந்ததைப் பொருத்துதல். எலும்பு முறிவைச் சீராக்குபவருக்கும் அரபியில் இதே வேரிலிருந்துதான் பெயர். ஸ்பானிய மொழியிலும் 'அல்ஜெப்ரிஸ்தா' என்ற சொல் நெடுங்காலம் எலும்பு வைத்தியரைக் குறித்தது. கணிதத்தில் அது, சமன்பாட்டின் ஒருபுறம் குறைந்து நிற்பதை இருபுறமும் கூட்டி நிறைவாக்குவது. 'முகாபலா' என்பது இருபுறமும் உள்ள ஒத்த இனங்களை நேர் நிறுத்திக் கழித்துவிடுவது. இன்று நம் பிள்ளைகள் 'இடம் மாற்றினால் குறி மாறும்' என்று மனப்பாடமாகச் சொல்லும் விதியின் உட்பொருள் இந்த இரண்டு செயல்களே. விதியை மட்டும் அறிந்து செயலை அறியாமல் பத்தாம் வகுப்பைக் கடந்து விடுவோர் பலர்.

அல்-குவாரிஸ்மி குறியீடு எதனையும் பயன்படுத்தவில்லை, எல்லாம் சொற்களிலேயே. அறியாத அளவுக்கு 'ஷைஉ' (பொருள்) அல்லது 'ஜித்ர்' (வேர்). அதன் வர்க்கத்துக்கு 'மால்' (செல்வம்). வெறும் எண்ணுக்குத் திர்ஹம். இருபடி வரையிலான சமன்பாடுகள் யாவற்றையும் ஆறு வகைக்குள் அடக்கினார். அவற்றுள் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று: ஒரு மாலும் பத்து வேர்களும் சேர்ந்து 39 திர்ஹம். வேர் எவ்வளவு? பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. 39உடன் கூட்ட 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து 5 போக, விடை 3. இம்மட்டோடு நின்றிருந்தால் அது ஒரு வாய்பாடாகவே இருந்திருக்கும். அடுத்து அவர் ஒரு சதுரம் வரைந்து, அதன் பக்கங்களில் செவ்வகங்களை ஒட்டி, மூலையில் குறைந்து நிற்கும் 25 அலகுச் சதுரத்தை நிரப்பிக் காட்டுகிறார். 'வர்க்கப் பூர்த்தி' என்று இன்றைய பாடநூல் கூறுவது உண்மையாகவே ஒரு வர்க்கத்தை, ஒரு சதுரத்தைப் பூர்த்தி செய்வதுதான் என்பது அந்தப் படத்தைக் காண்போருக்கு ஒரு கணத்தில் விளங்கும்.

அந்நூலின் பெரும்பகுதி வஸிய்யத் கணக்குகளுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை மேலை ஆய்வாளர் சிலர் ஒரு குறையாகவே கருதியதுண்டு. நமக்கோ அதுவே நூலின் உயிர்ப்பகுதியாகத் தோன்றுகிறது. திருக்குர்ஆன் (4:11, 12) பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று எனப் பங்குகளை வரையறுத்திருக்கிறது. மனைவி, தாய், இரண்டு ஆண்மக்களை விட்டு ஒருவர் இறந்தால் சொத்தை 48 பங்காக்கி, மனைவிக்கு 6, தாய்க்கு 8, மக்களுக்குத் தலைக்கு 17 எனப் பிரிப்பதற்குப் பின்னக் கணக்கே போதும். ஆனால் வஸிய்யத்தும் கடனும் குறுக்கிடும்போது, அறியாத அளவு ஒன்று கணக்கின் நடுவே வந்து அமர்ந்துவிடுகிறது.

அல்-குவாரிஸ்மி தரும் கணக்கு ஒன்றைக் காண்போம். ஒருவர் இரண்டு ஆண்மக்களை விட்டு இறக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். மக்களில் ஒருவர் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டிருக்கிறார். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை வாரிசல்லாத ஒருவருக்குத் தருமாறு வஸிய்யத் உள்ளது. கடனிலிருந்து எவ்வளவை எடுத்துச் சொத்தில் சேர்ப்பது? கடன்பட்ட மகனுக்குச் சேர வேண்டிய பங்கு எவ்வளவோ அவ்வளவை. அப்பங்கோ சொத்தின் மொத்தம் தெரிந்தால்தான் தெரியும். சுற்றிச் சுற்றி வரும் இந்தச் சிக்கலை 'ஷைஉ' அவிழ்க்கிறது. எடுக்கும் தொகை ஒரு பொருள் என்க. சொத்து பத்தும் ஒரு பொருளும். மூன்றில் ஒன்றை வஸிய்யத்துக்குக் கொடுத்தபின் எஞ்சுவது ஆறே மூன்றில் இரண்டும், பொருளில் மூன்றில் இரண்டும். அதில் பாதி ஒரு மகனின் பங்கு; அதாவது மூன்றே மூன்றில் ஒன்றும், பொருளில் மூன்றில் ஒன்றும். இது ஒரு பொருளுக்குச் சமம். எனவே பொருளில் மூன்றில் இரண்டு, மூன்றே மூன்றில் ஒன்றுக்குச் சமம், பொருள் 5. சொத்து 15. வஸிய்யத் பெறுபவருக்கு 5, ஒரு மகனுக்கு 5, மற்ற மகனுக்குத் தன் கடனிலிருந்தே 5. கையிருப்பான 10 திர்ஹமும் சரியாகப் பிரிந்துவிடுகிறது.

ஒரு குடும்பத்தின் இரு சகோதரர்களுக்கிடையே மனக்கசப்பு வாராமல் காப்பதற்கு ஒரு சமன்பாடு உதவியிருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்), 'இஹ்யா'வில் கணக்கியலை மருத்துவத்தோடு சேர்த்து ஃபர்ளு கிஃபாயா என வகுத்ததும், கொடுக்கல் வாங்கலுக்கும் வாரிசுப் பங்கீட்டுக்கும் அது இன்றியமையாதது என்பதனாலேயே. மார்க்கத்தைக் காப்பதாக எண்ணிக் கணிதம் போன்ற கலைகளை மறுப்பது மார்க்கத்துக்கே இழைக்கும் குற்றம் என்று 'அல்-முன்கித்' நூலில் அவர் கண்டித்ததையும், அவரைக் கணித விரோதியாகச் சித்தரிப்போர் கருத்திற்கொள்ள வேண்டும். கணிதத்தின் தெளிவைக் கண்டு மயங்குபவர், தத்துவவாதிகளின் கூற்றனைத்தும் அதே உறுதியுடையவை என்று நம்பிவிடும் அபாயத்தையும் அவர் எச்சரித்தார் என்பது உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அல்-குவாரிஸ்மிக்குப் பின்னர் எகிப்தின் அபூ காமிலும், பக்தாதின் அல்-கரஜியும், யூதராய்ப் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய அஸ்-ஸமவ்அலும் இக்கலையை விரித்தனர். உமர் கய்யாம் (1048–1131) முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டுகளின் துணையால் தீர்த்தார். பாரசீகக் கவிதைக்காக மட்டுமே அவரை அறிந்திருப்பது நமது ஆங்கிலக் கல்வியின் விளைவு. ஐரோப்பாவுக்கு இக்கலை 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் வழியே சென்றது. 1145இல் செகோவியாவில் இராபர்ட் என்பவர் அல்-குவாரிஸ்மியின் நூலை இலத்தீனில் பெயர்த்தார். ஆனால் வஸிய்யத் பகுதி அங்கே தேவைப்படவில்லை. அது விடுபட்டுப் போயிற்று. இன்று உலகப் பாடநூல்களில் இயற்கணிதம் எந்த மனிதத் தேவையும் சாராத ஒரு பயிற்சியாகக் காட்சியளிப்பதன் தொடக்கம் அங்கேதான் என்று எண்ணத் தோன்றுகிறது.

இனி முக்கோணவியல். இங்கு நாம் பெருமிதத்தோடு கடனையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். வட்டத்தின் வில்லுக்கு எதிரே நிற்கும் முழு நாணைக் கொண்டு கிரேக்கர் கணித்தனர். பாதி நாணைக் கொள்வதே எளிது என்று கண்டவர்கள் இந்தியர். ஆரியபட்டர் 499ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் 24 அரைநாண்களின் பட்டியல் உள்ளது. கலீஃபா மன்ஸூரின் (ஆட்சி 754–775) காலத்தில் இந்திய வானியல் நூல் பக்தாதை அடைந்து 'ஸிந்த்ஹிந்த்' என்ற பெயரில் அரபியானது. பூச்சியமும் இடமதிப்பு எண்முறையும் அவ்வாறே இந்தியாவிலிருந்து சென்றவை. அல்-குவாரிஸ்மியே அவ்வெண்களை இந்தியக் கணக்கு என்றுதான் அறிமுகப்படுத்தினார். அவர் மறைக்காததை, அவர் பெயரால் மேடையேறும் நம் பேச்சாளர் சிலர் மறந்து, பூச்சியத்தைக் கண்டது முஸ்லிம்களே என்று முழங்குவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அதே வேளையில், அரபியர் கிரேக்கச் சரக்கைப் பாதுகாத்துக் கொடுத்த கிடங்குக்காரர் மட்டுமே என்று எழுதுவோரும், அடுத்து வரும் செய்திகளைக் காணாதவர்களே.

அரைநாணுக்கு வடமொழியில் 'ஜ்யா' என்றும் 'ஜீவா' என்றும் பெயர். அரபியர் அதை 'ஜீபா' என்று ஒலிபெயர்த்தனர். உயிர்க்குறியின்றி எழுதும் அரபி வழக்கில், பிற்காலத்தார் அதைத் தமக்குத் தெரிந்த 'ஜைப்' என்ற சொல்லாகப் படித்தனர். ஜைப் என்றால் சட்டையின் மார்புத் திறப்பு, மடி, வளைவு. இலத்தீனில் பெயர்த்தவர்கள் அப்பொருளையே கொண்டு 'ஸைனஸ்' என்றனர். அதுவே பாடநூலின் சைன். அரபியின் அதே ஜைப், உருது வழியாக வந்து நம் தமிழில் 'ஜேப்பு' ஆயிற்று. சட்டை ஜேப்பும் கோணத்தின் சைனும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகள் என்பதை வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எந்த மாணவரும் மறக்கமாட்டார்.

டேன்ஜென்டின் கதை வேறு. அது வணக்க வேளையோடு பின்னியது. அரபியில் அதற்கு 'ளில்', நிழல் என்றே பெயர். ஒரு குச்சியின் நிழல் நண்பகலில் இருந்த அளவுக்கு மேல் குச்சியின் உயரமளவு நீளும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபில் இரு மடங்கு நீள வேண்டும். தமிழகத்தில் இரு மத்ஹபினரும் வாழ்வதால் இவ்வேறுபாடு நமக்குப் பழக்கமானது. இதைக் கணக்காக்கிப் பார்ப்போம். நாகூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அகலாங்கில் உள்ளது. இரவும் பகலும் சமமாகும் நாளில் அங்கே நண்பகல் நிழல், குச்சியின் உயரத்தில் 0.19 பங்கு. எனவே ஷாஃபிஈ அஸரின்போது நிழல் 1.19 பங்கு, சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 40 பாகை உயரத்தில் நிற்கும். ஹனஃபி அஸரின்போது நிழல் 2.19 பங்கு, சூரியன் ஏறத்தாழ 24.5 பாகையில். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் கால அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் இந்த ளில் மறைந்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் ஹபஷ் அல்-ஹாஸிபும் பின்னர் அல்-பத்தானியும் நிழல் பட்டியல்களை வகுத்தனர். அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி (940–998) ஆறு விகிதங்களையும் ஒருசேர நிறுவினார்.

கிப்லாவின் திசையை அறிவதோ இன்னும் கடினம்; ஏனெனில் அது உருண்டையின் மேல் அமைந்த முக்கோணம். இதற்கு மெனலாஸின் தேற்றமே முதலில் துணை நின்றது. ஆறு நாண்களை ஒன்றோடொன்று விகிதத்தில் கோக்கும் அது 'அஷ்-ஷக்லுல் கத்தாஃ' எனப்பட்டது. பயன்படுத்துவோர் களைத்துப் போகும் கருவி அது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை வேண்டாததாக்கும் ஒரு தேற்றம் எழுந்தது. கோள முக்கோணத்தில் பக்கங்களின் சைன்கள் எதிர்க்கோணங்களின் சைன்களுக்கு ஒரே விகிதத்தில் இருக்கும் என்பதே அது. முந்தையது தேவையில்லாமற் செய்வது என்ற பொருளில் 'அஷ்-ஷக்லுல் முக்னீ' என்று அதற்குப் பெயரிட்டனர். அதைக் கண்டவர் யார் என்பதில் அபுல் வஃபா, அபூ நஸ்ர் மன்ஸூர், அல்-குஜந்தி ஆகிய மூவருக்கிடையே எழுந்த உரிமைப் போட்டியை அல்-பிரூனி பதிந்து வைத்திருக்கிறார். தம் ஆசிரியரான அபூ நஸ்ரின் பக்கமே அவர் சாய்ந்தார். அறிஞர்களும் மனிதர்களே.

அல்-பிரூனி (973–1050 அளவில்) கஸ்னாவின் கிப்லாவை அறிவதற்காகவே இடங்களின் ஆயங்களை நிர்ணயிக்கும் ஒரு முழுநூலை 1025இல் முடித்தார். இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையருகே மலையுச்சியில் நின்று, அடிவானம் தாழும் கோணத்தை அளந்து, பூமியின் ஆரத்தைக் கணித்தவரும் இவரே.

பக்தாத் 1258இல் ஹுலாகுவின் படையால் அழிந்தது. அடுத்த ஆண்டே அதே ஹுலாகுவின் ஆதரவில் மராகாவில் வான்நோக்கு நிலையம் எழுப்பத் தொடங்கிய தூஸியை எப்படி மதிப்பிடுவது என்பதில் முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் இன்றளவும் பிளவுபட்டே உள்ளனர். இங்கு நமக்கு வேண்டியது 1260இல் அவர் அரபியில் முடித்த ஷக்லுல் கத்தாஃ பற்றிய நூல். மெனலாஸின் தேற்றத்தில் தொடங்கி, அதை நீக்கும் முக்னீயில் சென்று முடியும் அந்நூலில், முக்கோணவியல் வானியலின் பணிப்பெண்ணாக இராமல் தனிக்கலையாகத் தலைநிமிர்கிறது. ஐரோப்பாவில் அத்தகைய நூலை ரெஜியோமொன்டானஸ் எழுதியது 1464இல். அது அச்சானது 1533இல். அதன் கோளப் பகுதி, செவில்லேயின் ஜாபிர் இப்னு அஃப்லஹிடமிருந்து பெறப்பட்டது என்று 16ஆம் நூற்றாண்டிலேயே கார்டானோ சுட்டிக்காட்டினார்.

இயற்கணிதமும் முக்கோணவியலும் ஒன்றையொன்று சந்தித்த இடம் ஸமர்கந்து. அங்கே உலூக் பேக் (1394–1449) கட்டிய மத்ரஸாவைப் பற்றி, ஜம்ஷீத் அல்-காஷி தம் தந்தைக்குப் பாரசீகத்தில் எழுதிய கடிதங்கள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ 500 பேர் கணிதம் கற்கத் தொடங்கியிருப்பதாக அவர் எழுதுகிறார். அரசரே பாடத்தில் அமர்ந்து விவாதிப்பாராம். புரியாததைப் புரிந்ததாக, மரியாதைக்காக எவரும் ஒப்புக்கொள்ளலாகாது என்பது அங்கே அவர் வைத்த விதியாம். ஓர் ஆட்சியாளர் தம் சபையில் இத்தகைய விதியை வைத்திருந்தார் என்பது, நம் பார்வையில், அவர் கட்டிய வான்நோக்கு நிலையத்துக்குச் சற்றும் குறைந்த செய்தியன்று.

அல்-காஷி எதிர்கொண்ட சிக்கல் இது. எல்லாப் பட்டியல்களுக்கும் அடிப்படையான ஒரு பாகையின் சைனைத் துல்லியமாக அறிவது எப்படி? மூன்று பாகையின் சைனை வடிவியல் வழியே எவ்வளவு துல்லியமாகவும் பெறலாம். ஒரு பாகைக்கோ தாலமி முதலியோர் இருபுறமும் நெருக்கிப் பிடித்த தோராயமே கிடைத்திருந்தது. மேல்நிலை முதலாமாண்டில் நம் பிள்ளைகள் படிக்கும் ஒரு வாய்பாடு இங்கே வருகிறது. ஒரு கோணத்தின் சைனை மூன்றால் பெருக்கி, அதன் கனத்தின் நான்கு மடங்கைக் கழித்தால், மும்மடங்குக் கோணத்தின் சைன் கிடைக்கும். மூன்று பாகையின் சைன் தெரிந்தது. ஒரு பாகையின் சைன் 'ஷைஉ'. ஆக, முக்கோணவியல் கேள்வி ஒரு முப்படிச் சமன்பாடாக, அல்-ஜப்ராக மாறிவிட்டது.

அதை அவர் தீர்த்த வழி வியப்புக்குரியது. அந்தப் பொருள் மிகச் சிறியது. அதன் கனம் அதனினும் மிகச் சிறியது. எனவே முதலில் கனத்தை விட்டுவிட்டு மூன்றால் வகுக்க, இன்றைய தசம எண்களில் 0.0174453187 கிடைக்கிறது. இதன் கனத்தின் நான்கு மடங்கை மூன்று பாகையின் சைனோடு கூட்டி மீண்டும் மூன்றால் வகுத்தால் 0.0174523978. இன்னொரு முறை செய்தால் 0.0174524064, பத்துத் தசம இடங்களுக்கு இதுவே சரியான மதிப்பு. அல்-காஷி இதை அறுபதின் அடியிலான எண்களில், இலக்கம் இலக்கமாகச் செய்து, இதைவிடப் பன்மடங்கு துல்லியத்தை எட்டினார். இம்முறை நமக்குப் பின்னோர் எழுதிய விளக்கவுரைகள் வழியாகவே தெரியவருகிறது. அவர் 1429இல் மறைந்தார். 1449இல் உலூக் பேக் தம் மகனின் ஏற்பாட்டால் கொல்லப்பட்டபின் ஸமர்கந்தின் வட்டம் கலைந்தது.

இந்தியாவில் இக்கல்வி எந்நிலையில் தொடர்ந்தது? லக்னோ ஃபிரங்கி மஹலின் முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) பெயரால் வழங்கும் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் யூக்ளிடின் முதல் அத்தியாயமும் சில வானியல் நூல்களும் இடம்பெற்றிருந்தன. தமிழகத்து அரபிக் கல்லூரிகளும் இம்மரபின் சாயலைப் பெற்றவையே. காலப்போக்கில் அவற்றின் கணித நூல்கள் பல இடங்களில் பாடத்திலிருந்து நழுவின. ஃபராயிள் மட்டும் நின்றது. பங்குகளைப் பிரிக்கும் வாய்பாடு நின்று, 'ஷைஉ' போய்விட்டது. பள்ளிக்கூடத்திலோ ஷைஉ இருக்கிறது. அது எதற்காகப் பிறந்தது என்ற நினைவு இல்லை. ஒரே சமுதாயத்தின் இரு வகுப்பறைகளில் ஒரே நூலின் இரு பாதிகள் தனித்தனியே கிடக்கின்றன.

தர்ஸே நிஜாமியின் கணித நூல்களில் பஹாவுத்தீன் அல்-ஆமிலி (1547–1621) எழுதிய 'குலாஸதுல் ஹிஸாப்' குறிப்பிட்டுச் சொல்லத்தக்கது. தொடக்க மாணவருக்கான சிறிய நூல்தான் அது. கூட்டல், கழித்தல், பின்னம், நில அளவை, அல்-ஜப்ர் என்று படிப்படியாக ஏறிச் சென்று, கடைசியில் ஆசிரியர் எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்கிறார். முன்னோர் எவராலும் தீர்க்க இயலாமற் போன ஏழு கணக்குகளை மாணவர் முன் வைத்து நூலை முடிக்கிறார். அவற்றுள் ஒன்று, ஒரு கன எண்ணை இரண்டு கன எண்களின் கூட்டலாகப் பிரிப்பது. அது இயலாது என்று அல்-குஜந்தி 10ஆம் நூற்றாண்டில் நிறுவ முயன்றிருந்தார். நிறுவல் முழுமை பெறவில்லை. ஆய்லர் 1770இல் வெளியிட்ட நிறுவலுக்கு முன்னரே, லக்னோவின் மத்ரஸாத் திண்ணைகளில் அமர்ந்திருந்த மாணவர்கள் தம் தொடக்கப் பாடநூலின் கடைசி ஏட்டில் அந்தக் கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தனர்.